தன்மை நோக்கில் ஓர் ஆட்டம்

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்குப் பழைய மாணவர் என்னும் முறையில் ஒரு கட்டுரை வரைந்து தருமாறு ஆசிரியர் எம்மைக் கேட்டனர். விடுதி நாட்களைப் பற்றியதாயின் நலம் என்றும் குறிப்பித்தனர். விடுதி நாட்கள் என்றவுடன் பிறர்க்கு நூல்நிலையமும் வேப்ப மரத்து நிழலும் ஆற்றங்கரையும் நினைவிற்கு வரும். எமக்கோ, உண்மையைச் சொல்லுமிடத்து, கல்லூரி வாயிலுக்கு எதிரே ஒரு மாடிப்படியின் கீழ் ஒடுங்கிக் கிடந்த கணினிக் கடையே முதலில் வருகின்றது. 'பிரௌசிங் சென்டர்' என்று பலகை தொங்கிய அக்கடையில் 2005-ஆம் ஆண்டு முதல் 2008-ஆம் ஆண்டு வரை யாம் கழித்த பொழுது, வகுப்பறையிற் கழித்த பொழுதினும் பெரிதும் குறைந்ததன்று. அப்பொழுதினை எதன்பாற் செலவிட்டோம், அதனால் எய்தியது யாது, இழந்தது யாது என்பதனை மறையாது எழுதுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆண்டு யாம் ஆடியது துப்பாக்கி கொண்டு சுடும் கணினி விளையாட்டு. இவ்வகையினை ஆங்கிலத்தில் 'பர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்' என்பர். இலக்கணம் கற்ற நமக்கு இப்பெயர் எளிதில் விளங்கும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களுள் முதலாவதாகிய தன்மையே இஃது. பிற ஆட்டங்களில் ஆடுவோன் தன் வீரனைப் புறத்தே நின்று நோக்குவான். அவ்வீரன் அவனுக்குப் படர்க்கை. இதிலோ திரையே கண். நம் முகம் நமக்குப் புலப்படாதவாறு போலவே இதனுள்ளும் புலப்படாது. கையும், கையிலுள்ள கருவியும், எதிரே விரியும் உலகமுமே காட்சி. ஆதலின் ஆடுவோர் எவரும் 'என் வீரன் வீழ்ந்தான்' என்று சொல்லார். 'நான் செத்தேன்' என்றே சொல்வர்.

இவ்வகையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1973-ஆம் ஆண்டளவில் அமெரிக்க நாட்டில், நாசா நிறுவனத்தின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்திற் பணி பயின்ற இளைஞர் சிலர், கோடுகளால் அமைந்த ஒரு சுருள்வழியினுள் ஒருவரையொருவர் தேடிச் சுடும் 'மேஸ் வார்' என்னும் ஆட்டத்தை ஆக்கினர். 1992-இல் 'வூல்ஃபென்ஸ்டைன் 3டி'யும், 1993 டிசம்பர் 10-இல் 'டூம்' என்பதும் வெளிவந்தன. இவ்விரண்டனையும் தந்த ஐடி சாஃப்ட்வேர் குழுவினருள் ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ என்போர் பெயர் பெற்றவர். 1998-இல் வால்வ் என்னும் நிறுவனம் ஆக்கிய 'ஹாஃப் லைஃப்' என்பது வெளிவந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இளைஞர் இருவர் 1999-இல் ஆக்கியதே 'கௌண்டர் ஸ்ட்ரைக்'. யாம் ஆடியது இதுவே. அதனுள்ளும் 2003-இல் வெளிவந்த 1.6 என்னும் பதிப்பு.

நிற்க, அக்கடையினுள் நுழைவோம். பத்துக் கணினிகள், இரண்டு மின்விசிறிகள், ஒரு மண்பானை, சுவரில் முருகன் படம் போட்ட நாட்காட்டி. மணிக்கு 15 ரூபாய். கடைக்காரரை யாவரும் 'அண்ணாச்சி' என்றே அழைப்போம். பழகிய மாணவர்க்கு அவர் கடனும் கொடுப்பார். அக்கணக்கு ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தில் ஏறும். யாமும் அறைத் தோழர் நால்வரும் ஆக ஐவர் ஒரு பக்கம். அடுத்த விடுதி மாணவர் ஐவர் மறு பக்கம். ஓரணி குண்டு வைக்க முயலும். மற்றோரணி அதனைத் தடுக்கும். இவ்வளவே ஆட்டம். இவ்வளவே ஆயின் ஒரு வாரத்தில் அலுத்திருக்க வேண்டும். மூன்றாண்டு அலுக்காதிருந்தமைக்குக் காரணம் யாதென்று பின்னர்ப் பலகாலும் எண்ணியதுண்டு. துப்பாக்கி அன்று காரணம். துப்பாக்கியைச் சூழ அமைத்த எல்லைகளே காரணம் என்பது எம் துணிபு.

முதலாவது எல்லை காட்சி. தன்மை நோக்கில் ஆடுவோனுக்கு முன்னுள்ளது மட்டுமே தெரியும், பின்னுள்ளது தெரியாது. ஆகவே கண்ணின் குறையைச் செவி நிறைக்க வேண்டும். கௌண்டர் ஸ்ட்ரைக்கில் ஓடினால் காலடி ஓசை எழும். மெல்ல நடந்தால் எழாது. ஓடுவோன் விரைவைப் பெற்று மறைவை இழக்கின்றான். நடப்போன் மறைவைப் பெற்றுக் காலத்தை இழக்கின்றான். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்கவேண்டும் என்னும் இம்முறையே ஆட்டம் முழுதும் ஊடுருவி நிற்கின்றது. ஓடிக்கொண்டே சுட்டால் குறி சிதறும். நின்று சுட்டால் குறி நிலைக்கும், ஆயின் தானும் எதிரிக்குக் குறியாக நேரும். கையில் நெடுந்துப்பாக்கி ஏந்தினால் நடை தளரும். கத்தியை ஏந்தினால் நடை விரையும். விரலை எடுக்காது சுட்டுக்கொண்டே இருந்தால் துப்பாக்கி மேலெழுந்து குண்டுகள் கூரையை நோக்கும். புதியோன் முப்பது குண்டையும் ஒரே மூச்சில் இறைப்பான். பழகியோன் இரண்டு மூன்றாக விடுவான். தலையிற் படும் குண்டு உடலிற் படுவதைப் போல் நான்கு மடங்கு ஊறு செய்யும் என்பதனால், பொறுமை உடையோன் விலை குறைந்த கருவியாலும் வெல்லல் கூடும்.

இரண்டாவது எல்லை இடம். யாம் மிகுதியும் ஆடிய களம் 'டஸ்ட் 2'. டேவிட் ஜான்ஸ்டன் என்பவர் 2001-இல் அமைத்த இப்பாலைநில ஊரை, எம் சொந்த ஊர்த் தெருக்களைப் போல் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டுவோம். மேலிருந்து நோக்கின் ஏறக்குறைய 8 என்னும் எண்ணின் வடிவம். குண்டு வைத்தற்குரிய இடங்கள் இரண்டு. ஓரிடத்திற்கு நீண்ட வெளி வழியாகவும் செல்லலாம், குறுகிய மேட்டு வழியாகவும் செல்லலாம். மற்றோரிடத்திற்கு இருண்ட சுரங்க வழி உண்டு. நடுவே இரட்டைக் கதவு. அக்கதவின் இடுக்கு ஒரு சாண் அகலமே இருக்கும். அதனூடே கடப்போனைத் தொலைவிலிருந்து சுட்டுவிட இயலும். இக்களத்தின் நுட்பம் யாதெனின், இரண்டு அணியும் தத்தம் இடத்திலிருந்து புறப்பட்டால் முக்கிய முனைகளை ஏறக்குறைய ஒரே நேரத்தில் எய்துமாறு தொலைவுகள் அளந்து அமைக்கப்பட்டிருத்தல். ஓரணி ஐந்து வினாடி முந்தி எய்துமாயின் ஆட்டம் அதன்பாற் சாயும். ஆகவே, சுவரை எங்கே எழுப்புவது, பெட்டியை எங்கே வைப்பது என்பனவே அங்கு மெய்யான படைக்கலங்கள் எனின் பொருந்தும்.

மூன்றாவது எல்லை பணம். இதனை அறியாதார் வியப்பர். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவர்க்கும் 800 டாலர் கொடுக்கப்படும். அதற்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் பெரிதாக ஒன்றும் வாங்கல் இயலாது. ஏகே 47-இன் விலை 2500. தொலைவிலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தும் ஏடபிள்யூபி என்பதன் விலை 4750. எதிரி ஒருவனை வீழ்த்தினால் 300 வரும். வென்ற அணிக்குப் பெருந்தொகை உண்டு. தோற்ற அணிக்கும் ஓர் உதவித்தொகை உண்டு. தொடர்ந்து தோற்குமாயின் அத்தொகை சிறிது சிறிதாக ஏறும். உயிரோடு மீண்டவன் கருவி அவனோடே அடுத்த சுற்றிற்கு வரும். இறந்தவன் கருவி போயிற்று. இதனால் ஒரு சுற்றில் ஒன்றும் வாங்காது வெறுங்கையோடு நின்று தோற்று, அடுத்த சுற்றிற்குச் சேமித்தல் அறிவுடைமை ஆகின்றது. அன்றியும், தன் துப்பாக்கியைத் தரையில் இட்டுத் தோழனுக்குக் கொடுத்தலும் அங்கு உண்டு. எம் ஐவருள் மிக்க திறமை வாய்ந்த தோழர் தம்மிடம் பணம் மிகுந்த போதெல்லாம் இரண்டு துப்பாக்கி வாங்கி ஒன்றை எம் காலடியில் இடுவார். "எடுத்துக்கலே மக்கா, அப்புறம் தரலாம்" என்பார். யாம் அதனைத் திருப்பித் தந்த நினைவு எமக்கில்லை.

நான்காவது எல்லை இறப்பு. டூம் ஆட்டத்தில் தனியே ஆடுவோன் இறந்தால் அக்கட்டத்தின் தொடக்கத்திலிருந்து மீண்டும் புறப்படுவான். பலர் கூடிப் பொருதும் முறையிலோ உடனே வேறிடத்தில் உயிர்த்தெழுவான். 2001-இல் வந்த 'ஹேலோ' என்பதில் வீரனுக்கு ஒரு கவசம் உண்டு. அடிபட்டவன் சிறிது நேரம் ஒதுங்கி நின்றால் அது தானே நிறைந்துவிடும். ஆகவே அவ்வாட்டத்தில் முன்னேறுதலும் ஒதுங்குதலும் அலை போல் மாறி மாறி வரும். கௌண்டர் ஸ்ட்ரைக்கிலோ இழந்த உடல்நலம் அச்சுற்றில் மீளாது; இறந்தவன் அச்சுற்று முடியும் வரை எழான். இவ்வொரு விதியால் ஆடுவோன் நடையே மாறிவிடுகின்றது. உடனே எழலாம் எனின் எவனும் துணிந்து பாய்வான். எழ இயலாது எனின் ஒரு மூலையைத் திரும்புமுன் மூச்சை அடக்குவான். குண்டு வைத்தபின் அதனை அவிழ்க்கப் பத்து வினாடி வேண்டும்; அதற்குரிய கருவி வாங்கியிருந்தால் ஐந்து வினாடி. தனித்து எஞ்சிய ஒருவன், எதிரி எங்கே ஒளிந்திருக்கின்றான் என்று அறியாது, குண்டின் முன் மண்டியிட்டு அப்பத்து வினாடியைக் கழிக்கும்போது, இறந்த நால்வரும் அவன் முதுகுக்குப் பின் வந்து நின்று பார்ப்பதுண்டு. கடையில் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்கும்.

அப்பொழுது எம் கடையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உயிரோடு உள்ளவர் தம்முள் பேசலாம், பேசவும் வேண்டும். "சுரங்கத்துல ரெண்டு பேரு", "கதவுக்குப் பின்னால ஒருத்தன்" என்று உடனுக்குடன் குரல் கொடுப்பதே ஐவரை ஓரணி ஆக்குவது. தன்மை ஒருமையாகத் தொடங்கும் ஆட்டம் அக்குரலால் தன்மைப் பன்மை ஆகின்றது. ஆயின் இறந்தவன் வாய் திறத்தல் ஆகாது. அவன் எதிரியின் இருப்பிடத்தைக் கண்டிருக்கலாம். சொல்லிவிடின் ஆட்டம் கெடும். "செத்தவன் பேசக் கூடாது" என்று அண்ணாச்சியே நாற்காலியிலிருந்து அதட்டுவார். பேசாதிருத்தலில் யாம் நன்கு தேர்ந்தோம். அத்தேர்ச்சி எமக்குக் கேடாயிற்று என்பதனை இனிச் சொல்லவேண்டும்.

எம் காலடியில் துப்பாக்கி இட்ட அத்தோழர் கோவில்பட்டிப் பக்கத்தவர். அவர் தந்தையார் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், 2007-இல், தோழர் முற்பகல் வகுப்புக்களுக்கு வருதலை நிறுத்தினார். நாங்கள் மாலையில் இரண்டு மணி நேரம் ஆடினால், அவர் காலையில் கடை திறக்கும்போதே உள்ளிருந்தார். எம் ஆட்டத்தின் வெற்றியெல்லாம் அவர் கைத்திறன் ஆதலின், அவர் மேன்மேலும் தேர்ச்சி பெறுதல் எமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது என்று எழுத இன்று நாணமாக உள்ளது. ஒரு மாலை அண்ணாச்சி கணக்கு நோட்டை மேசைமேல் விரித்து வைத்துத் தேநீர் வாங்கப் போனார். யாம் அருகே நின்றோம். தோழர் பெயருக்கு எதிரே 1840 ரூபாய் என்று இருந்தது. அதன்மேல் பழைய தொகைகள் பல அடிக்கப்பட்டுக் கிடந்தன. அவையெல்லாம் அவர் செலுத்தி முடித்தவை. ஊரிலிருந்து தேர்வுக் கட்டணத்திற்கு வந்த பணம் எங்குச் சென்றது என்பது எமக்கு அக்கணமே விளங்கிவிட்டது. மற்றைய மூவரும் வெவ்வேறு நாளில் அதே நோட்டைப் பார்த்திருந்தனர் என்பது பின்னர்த் தெரிந்தது. ஒருவரும் ஒருவரிடத்தும் சொல்லவில்லை, அவரிடத்தும் கேட்கவில்லை. கேட்டால் அவர்க்கு மானக்குறைவு ஆகும் என்று எம்மை யாமே தேற்றிக்கொண்டோம். அடுத்த சனிக்கிழமை ஒரு போட்டி இருந்தது என்பதும் ஒரு காரணமே.

அவ்வாண்டு நவம்பர்த் தேர்வுக்கு அவர்க்கு அனுமதி கிட்டவில்லை. வருகை போதாது, கட்டணமும் செலுத்தவில்லை. தந்தையார் வந்தார். வெள்ளை வேட்டியும் பழைய பையுமாக எம் அறை வாயிலில் நின்று, மகனை ஒன்றும் சொல்லாது, எம்மைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏந்தம்பி, நீங்க நாலு பேரும் கூடத்தானே இருந்தீக?" யாம் விடை கூறவில்லை. பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு அவர் முன்னே செல்ல, தோழர் தலை கவிழ்ந்து பின்னே சென்றார். அன்று மாலை நாங்கள் நால்வரும் கடைக்குச் செல்லவில்லை. மறுவாரம் சென்றோம், ஆயின் ஆட்டம் ஓடவில்லை. கல்லூரியை விட்டு நீங்கும் வரை அதன்பின் யாம் நான்கு முறை ஆடியிருந்தால் மிகுதி.

துப்பாக்கி ஆட்டங்கள் இளைஞரைக் கொடியவர் ஆக்கும் என்னும் வழக்கு நெடுநாளாக நடந்து வருகின்றது. 1993 டிசம்பரிலேயே அமெரிக்க மேலவையில் கணினி ஆட்டங்களின் கொடுமை பற்றி விசாரணை நிகழ்ந்தது. அதன் பயனாக 1994-இல் வயதிற்கேற்ப ஆட்டங்களைத் தரம் பிரிக்கும் அமைப்பும் தோன்றியது. ஆராய்ச்சியாளர் இன்னும் இது குறித்து ஒருமுகப்படவில்லை. எம் அனுபவத்தைக் கேட்பின், எம்முள் ஒருவரும் கொடியவர் ஆகவில்லை. எமக்கு நேர்ந்த கேடு வேறு. ஆட்டத்தினுள் எல்லாவற்றிற்கும் எல்லை இருந்தது: குண்டிற்கு எல்லை, பணத்திற்கு எல்லை, காலத்திற்கு எல்லை. ஆட்டத்தைச் சூழ எல்லை ஒன்றும் இல்லை. ஒரு சுற்று முடிந்தால் சில வினாடியில் மற்றொரு சுற்று. எழுந்து போ என்று மணி அடிப்பார் இலர். ஆக்கியோர் உள்ளே அமைத்ததனை, வெளியே தோழராகிய யாமே அமைத்திருக்க வேண்டும். "கதவுக்குப் பின்னால ஒருத்தன்" என்று நொடியிற் கூவிய வாய், நோட்டிலிருந்த எண்ணைக் கண்டபோது மூடிக்கொண்டது. உயிரோடு இருந்தும் செத்தவர் விதியைக் கைக்கொண்டோம்.

தோழர் கல்வியைக் கைவிடவில்லை என்பதனைப் படிப்போர் அறிய விரும்புவர். அடுத்த ஆண்டு திரும்பி வந்து, தம்மினும் இளையாரோடு அமர்ந்து, 2009-இல் பட்டம் பெற்றார். இன்று தூத்துக்குடியில் ஒரு கப்பற்சரக்கு அலுவலகத்தில் கணக்கராக இருக்கின்றார். 2023-ஆம் ஆண்டுப் பழைய மாணவர் கூட்டத்திற்கு வந்திருந்தார். உணவிற்குப் பின் யாம் இருவரும் வாயிலுக்கு எதிரே சென்று பார்த்தோம். கடை இருந்த மாடிப்படியின் கீழ் இப்பொழுது கைப்பேசி பழுது பார்க்கும் இடம். சிறிது நேரம் நின்ற பின் அவர் கேட்டார்:

"அந்த நோட்டை நீயும் பாத்தேல்லா?"

"பாத்தேன்."

"நீங்க பாத்தது எனக்குத் தெரியும்லே. யாராச்சும் ஒருத்தன் கேப்பான்னு இருந்தேன். கேட்டா அழுதிருப்பேன். அதோட விட்டிருப்பேன்னும் நினைக்கேன்."

சினந்து சொல்லவில்லை, மழை வரும்போல் இருக்கின்றது என்பார் போலச் சொன்னார். பின்னர் எம் தோளிற் கை வைத்து, தம் மகன் இப்பொழுது கைப்பேசியில் இதே வகை ஆட்டம் ஆடுகின்றான் என்றும், தாமும் உடன் அமர்ந்து ஆடி, ஒன்பது மணிக்குத் தாமே முதலில் எழுந்து விடுவதாகவும் கூறினார். "நான் எந்திரிச்சாத்தான் அவன் எந்திரிப்பான்" என்றார்.

இன்று விடுதியில் வாழும் இளைய நண்பர்க்கு மாடிப்படியின் கீழ் உள்ள கடை வேண்டியதில்லை. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, சுருங்கிவரும் வட்டத்தினுள் ஒருவர் எஞ்சும் வரை பொரும் 'பப்ஜி' ஆட்டம் கைப்பேசியிலேயே வந்தது. 2020 செப்டம்பர் 2-இல் நம் அரசு அதனைத் தடை செய்தது. 2021-இல் அது வேறு பெயரோடு மீண்டது. எம் கடைக்கு இரவு பத்து மணிக்கு இரும்புக் கதவு இறங்கும் என்னும் ஓர் எல்லையாவது இருந்தது. போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசிக்கு அதுவும் இல்லை.

ஆடவேண்டாம் என்று சொல்ல யாம் வரவில்லை. சொல்லும் தகுதியும் எமக்கில்லை. சுவரையும் ஓசையையும் பணத்தையும் காலத்தையும் இத்துணை நுட்பமாக இணைத்த அறிவை இன்றும் மதிக்கின்றோம். வேண்டுவது ஒன்றே. உங்கள் அறையில் ஒருவர் இரண்டு நாள் வகுப்பிற்கு வாராதிருப்பின், மூன்றாம் நாள் போர்வையை விலக்கி ஏன் என்று கேளுங்கள். அவர் சினந்தால் சினக்கட்டும். தந்தையார் ஒருவர் பழைய பையோடு வாயிலில் வந்து கேட்கும் வரை காத்திருக்க வேண்டா.